பால் குடுத்துக்கொண்டே நிறை குறைக்கிறது: மட்டக்களப்பு, அம்பாறைத் தாய்மாருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளை பிறந்து ரெண்டு மாதம் ஆகுறதுக்குள்ள ரெண்டு பக்கத்தால புத்திமதி வரத் தொடங்கிரும். மாமியும் பெரியம்மாவும், "பால் குடுக்கிற பிள்ளை, நல்லாச் சாப்பிடு" என்று சோத்துக்கு மேல சோறு போடுவாங்க. போனைத் திறந்தா, முப்பது நாளில் பத்துக் கிலோ குறைச்ச ஒருத்தி சிரிச்சுக்கொண்டு நிற்பா. முதலாவதைக் கேட்டா நிறை ஏறும், ரெண்டாவதைக் கேட்டா பால் குறையும். ரெண்டுக்கும் நடுவில ஒரு வழி இருக்கு. அதை ஒரே இடத்தில் யாரும் சொல்லித் தர மாட்டாங்க. மிட்வைஃப் மிஸ்ஸிட்ட கொஞ்சம், கிளினிக் டொக்டரிட்ட கொஞ்சம், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த வாங்கில் பக்கத்தில் இருந்த அம்மாமாரிட்ட கொஞ்சம் என்று அலைஞ்சு பொறுக்கினதை இங்க வரிசையா எழுதுறேன். நீங்க அலைய வேணாம்.

முதலில் ஒரு எல்லை. இது பிள்ளை பிறந்து ஆறு கிழமை தாண்டின, தாய்ப்பால் குடுக்கிற, நிறை கூடின ஆக்களுக்கு. இரட்டைப் பிள்ளைகளுக்குப் பால் குடுக்கிறவங்க, இன்சுலின் போடுறவங்க, பிரஷருக்கு அல்லது இருதயத்துக்கு மருந்து எடுக்கிறவங்க, பிரசவத்தில் இரத்தம் கூடப் போய் இன்னும் இரத்தச்சோகையில் இருக்கிறவங்க டொக்டரிட்ட கேட்டுத்தான் தொடங்க வேணும்.

1. முதல் ஆறு கிழமை: தராசுப் பக்கம் போக வேணாம்

பிள்ளை, நச்சுக்கொடி, பனிக்குடத் தண்ணி எல்லாம் சேர்ந்து பிரசவத்தோட ஐந்தாறு கிலோ போயிரும். உடம்பில் தேங்கி நின்ற நீர் அடுத்த ஒன்று ரெண்டு கிழமையில் சிறுநீராவும் வேர்வையாவும் போகும். கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ ஆறு கிழமை எடுக்கும். அதனால மூன்றாம் கிழமை கண்ணாடியில் தெரியுற வயிறு முழுக்கக் கொழுப்பு இல்ல. இந்தக் காலத்தில் சாப்பாட்டைக் குறைச்சா பால் ஊறிப் பழகுற நேரத்திலயே அதைக் கெடுக்கிறதா முடியும்.

பத்தியச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மிளகு, சீரகம், உள்ளி, மஞ்சள் போட்ட சரக்குக் கறியால நிறை ஏறாது. ஏத்துறது அதுக்குள்ள போற நல்லெண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கு. முட்டையைப் பொரிக்க ரெண்டு கரண்டி, கறிக்கு மேல ஒரு கரண்டி என்று போனா, ஒரு வேளைக்கு எண்ணெயால மட்டும் முன்னூறைத் தாண்டிரும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிஞ்ச பிறகோ, நாற்பது நாள் முடிஞ்ச பிறகோ பத்தியம் நின்றிரும், எண்ணெய் மட்டும் நிற்காது. அன்றைக்கே வீட்டில் சொல்லி அதை நிறுத்துங்க.

தண்ணி குடிச்சா வயிறு ஊதும் என்று சில வீடுகளில் அளந்துதான் தருவாங்க. இதைக் கேட்காதீங்க. பால் குடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணி இருக்கட்டும். தாகம் எடுத்தாக் குடிங்க. நம்ம ஊர் வெயிலுக்கு, அதுவும் கச்சான் காத்து வீசுற மாதங்களில், தண்ணி குறைஞ்சா முதலில் மலச்சிக்கலும் தலையிடியும்தான் வரும்.

2. கடதாசிகளை ஒரு பைக்குள்ள போடுங்க

நிறை குறைக்கக் கடதாசி எதுக்கு என்று கேட்பீங்க. எங்க இருந்து தொடங்குறோம் என்று தெரியாம எவ்வளவு குறைக்க வேணும் என்று முடிவு பண்ண ஏலாது. வேணும் என்றது நாலுதான்.

கர்ப்பகாலக் கிளினிக் பதிவேடு முதலாவது. அதில் உங்க உயரமும், முதல் கிளினிக்கில் எடுத்த நிறையும் இருக்கும். அதுதான் உங்க உண்மையான பழைய நிறை, கலியாண ஆல்பத்தில் இருக்கிறது இல்ல. பிரசவத்துக்குப் பிறகான கவனிப்பு முடிய மிட்வைஃப் அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போகக்கூடும். அதுக்கு முதல் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைங்க.

ரெண்டாவது, ஆஸ்பத்திரியால வரும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட். சீசரா, சுகப்பிரசவமா, தையல் எப்படி, இரத்தம் எவ்வளவு போனது என்றெல்லாம் அதில்தான் இருக்கும். உடற்பயிற்சி எப்ப தொடங்கலாம் என்று கேட்டா டொக்டர் முதலில் இதைத்தான் பார்ப்பார். மூன்றாவது, கர்ப்பத்தில் எடுத்த சீனி, ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டுகள். நாலாவது, பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு, நாங்க எல்லாரும் கிளினிக் கொப்பி என்று சொல்றது. நீங்க நிறை குறைக்கிறது பிள்ளையைப் பாதிக்குதா இல்லையா என்று காட்டப்போறது அதில் இருக்கிற வளர்ச்சிக் கோடுதான். மாரியில் வீட்டுக்குள்ள தண்ணி வாற இடங்களில் இருக்கிறவங்க எல்லாத்தையும் பொலித்தீன் உறைக்குள்ள போட்டு உயரத்தில் வைங்க.

இனி ஒரு சின்னக் கணக்கு. உயரம் 155 சென்ரிமீற்றர், இப்ப நிறை 66 கிலோ என்று வைங்க. 1.55 ஐ 1.55 ஆல் பெருக்கினா 2.4. அறுபத்தாறை அதால பிரிச்சா 27.5 வரும். இதைத்தான் பி.எம்.ஐ. என்று சொல்றது. 18.5 இலிருந்து 25 க்குள்ள இருக்கிறது சாதாரணம். தென்னாசிய உடம்புக்கு 23 தாண்டினாலே கவனிக்கச் சொல்றாங்க, சீனி வருத்தம் நமக்குக் குறைஞ்ச நிறையிலயே வரும் என்றபடியால். அதோட இடுப்பையும் ஒரு தையல் நாடாவால அளந்து எழுதுங்க. பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள்ள இருக்கிறது நல்லம். ஆனா முதல் இலக்கா 23 ஐ வைக்க வேணாம். பதிவேட்டில் இருக்கிற பழைய நிறையை வைங்க.

3. ஆறாம் கிழமையில் கேட்டு முடிக்க வேண்டிய மூன்று விஷயம்

பிரசவத்துக்குப் பிறகு மிட்வைஃப் வீட்டுக்கு வருவா. கிட்டத்தட்ட ஒரு மாதத்தில் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக் கிளினிக்குக்கும் வரச் சொல்லுவாங்க. இந்தச் சேவைக்கெல்லாம் காசு இல்ல. தாய்க்கு வாற கிளினிக்கைப் பலபேர் விட்டிருவாங்க, பிள்ளைக்கு ஊசி போடுறதுக்கு மட்டும்தான் போவாங்க. விட வேணாம். களுவாஞ்சிகுடியோ செங்கலடியோ, கல்முனையோ திருக்கோவிலோ, உங்க பிரிவுக் காரியாலயத்தில் எந்த நாள் கிளினிக் என்று மிஸ்ஸிட்ட கேட்டு வையுங்க. காலையில் எட்டு மணிக்கு முதல் போனா வெயிலுக்கு முதல் வீடு வரலாம்.

சீனிப் பரிசோதனை: கர்ப்பத்தில் சீனி இருந்தது என்றா, ஆறு கிழமைக்குப் பிறகு குளுக்கோஸ் குடிச்சுச் செய்யுற பரிசோதனை கட்டாயம். ராத்திரி எட்டு மணித்தியாலமாவது வெறும் வயிறா இருந்து போக வேணும். முதலில் ஒரு இரத்தம், பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைச்ச தண்ணி, ரெண்டு மணித்தியாலம் கழிச்சு இன்னொரு இரத்தம். பிள்ளைக்குப் பால் குடுத்துவிட்டு முதல் இரத்தம் எடுக்கப் போங்க. பிள்ளையை வச்சிருக்க ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்க. அந்த ரெண்டு மணித்தியாலமும் கன்டீனுக்குப் போகாம, நடந்து திரியாம இருக்க வேணும், இடையில் பால் குடுக்கலாம். அரச ஆஸ்பத்திரியில் கடிதத்தோட போனா இலவசம். தனியார் ஆய்வுகூடத்தில் செய்யுறதா இருந்தா விலை இடத்துக்கிடம் மாறும், ரெண்டு இடத்துக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்க. ரிப்போர்ட் நல்லா வந்தாலும் வருஷத்துக்கு ஒருதரம் சீனி பார்க்க வேணும். கர்ப்பத்தில் சீனி வந்தவங்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமா வாறது கூட, நிறை குறைஞ்சா அது தள்ளிப் போகும்.

தைரொயிட்: ஒழுங்காச் சாப்பிட்டும் நிறை குறையாம ஏறுது, மலச்சிக்கல், எந்நேரமும் அலுப்பு, மயிர் கொத்துக் கொத்தாக் கொட்டுது, குளிர் தாங்கேலாது என்று சேர்ந்து வந்தா டொக்டரிட்ட சொல்லி டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை கேளுங்க. பிள்ளை பிறந்து ஒரு வருஷத்துக்குள்ள தைரொயிட் குழம்புறது நடக்கிற விஷயம். மயிர் கொட்டுறது மட்டும் என்றா பயப்பட வேணாம், மூன்று நாலு மாதத்தில் பலபேருக்குக் கொட்டும்.

குடும்பத்திட்டம்: மூன்று மாத ஊசி சில பெண்களுக்கு நிறையை ஏத்தும். முந்தின பிள்ளைக்குப் பிறகு அந்த ஊசியில் ஏறினது தெரிஞ்சா இந்த முறை அதை மிஸ்ஸிட்ட சொல்லுங்க. செம்பு லூப்பில் ஹோர்மோன் இல்ல. ரெண்டு ஹோர்மோன் கலந்த வழமையான கருத்தடைக் குளிசை பால் குடுக்கிற முதல் ஆறு மாதத்துக்குத் தர மாட்டாங்க. நிறைக்குப் பயந்து ஊசியை நிறுத்திவிட்டு ஒன்றும் பாவிக்காம இருந்து அடுத்த பிள்ளை வந்ததுதான் கடைசியில் மிச்சம் என்று கிளினிக் வாங்கில் கேட்ட கதைகள் நிறைய. மாத்த வேணும் என்றா மாத்துங்க, இடைவெளி விட வேணாம்.

4. எவ்வளவு வேகத்தில் குறையலாம்

கிழமைக்கு அரைக் கிலோ. மாதத்துக்கு ரெண்டு கிலோ. பால் ஊறி ஒழுங்கான பிறகு இந்த வேகத்தில் குறைச்ச தாய்மாரின் பிள்ளைகள் வழமை போல வளருறாங்க என்று ஆய்வில் பார்த்திருக்கிறாங்க. எட்டுக் கிலோ கூட இருந்தா நாலு மாதம். மெதுவாத் தெரியும், ஆனா நாலு மாதம் எப்படியும் ஓடிரும்.

பால் உண்டாக்க உடம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 கலோரி செலவழிக்குது. அதில் ஒரு பங்கு கர்ப்பத்தில் சேர்ந்த கொழுப்பில இருந்து வரும், மிச்சம் சாப்பாட்டில இருந்து வர வேணும். அதனால நீங்க செய்ய வேண்டியது சின்னக் குறைப்புத்தான். ஒரு நாளைக்கு 1500 கலோரிக்குக் கீழ போகவே கூடாது. பலபேருக்கு 1800 க்கு மேல வச்சாத்தான் சரிவரும்.

நிறை பார்க்கிறதுக்கு ஒரே கிழமைநாள், காலையில் சிறுநீர் போன பிறகு, பால் குடுத்த பிறகு, ஒரே தராசு. பாமசித் தராசும் கிளினிக் தராசும் ஒன்றரைக் கிலோ வித்தியாசம் காட்டும், அதைப் பார்த்து அழுகிறதும் துள்ளுறதும் வீண். வீட்டில் தராசு வாங்கத் தேவையில்ல. மாதாமாதம் பிள்ளையை நிறுக்கப் போகும்போது நீங்களும் ஏறுங்க.

5. சாப்பாடு: சோத்தில் கை வைக்க முதல் தேத்தண்ணியைப் பாருங்க

நம்ம ஆக்கள் நிறை குறைக்க என்று தொடங்கினா முதலில் நிறுத்துறது சோறு. அதுக்கு முதல் அடுப்படியில் நின்று ஒரு பால்தேத்தண்ணியைப் பாருங்க. முழு ஆடைப் பால்மா மூன்று தேக்கரண்டி குமிச்சுப் போட்டா ஏறத்தாழ 75 கலோரி. சீனி ரெண்டு தேக்கரண்டி, 40. ஒரு கோப்பை 115. பால் குடுக்கிற தாய் என்று காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, யாரும் பிள்ளை பார்க்க வந்தா அவங்களோட ஒன்று. அதோட நாலு பிஸ்கட். நாலு கோப்பையும் பிஸ்கட்டும் சேர, பால் உண்டாக்கச் செலவான அந்த 500 கலோரியும் திரும்ப வந்திட்டுது. சோத்தில் ஒரு பருக்கையும் கூட்டாமலே.

பால்தேத்தண்ணி குடிச்சாத்தான் தாய்ப்பால் ஊறும் என்றது சரியில்ல. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும், ராத்திரிப் பால் அதுக்கு முக்கியம். ஒரு நாளைக்கு ஒரு பால்தேத்தண்ணி வச்சுக்கொள்ளுங்க, மிச்சம் சீனி குறைச்ச பிளேன்டீ. சாப்பாட்டோட தேத்தண்ணி குடிக்க வேணாம், இரும்புச்சத்து உடம்பில் சேருறது குறையும்.

இனிச் சோறு. நிறுத்த வேணாம், அளவுதான் மாற வேணும். பீங்கானில் முதலில் கீரையையும் மரக்கறியையும் பாதிக்குப் போடுங்க. கால்வாசிக்கு மீன், முட்டை, பருப்பு. கடைசிக் கால்வாசிக்குச் சோறு. நம்ம வீடுகளில் போடுற ஒழுங்கு தலைகீழ்: சோத்தை மலை மாதிரிக் குவிச்சு, கறியை ஓரத்தில் தொட்டுக்கொள்ள வைப்போம். தீட்டாத சிவப்பரிசி என்றா நல்லம், பசி தாங்கும். அது கிடைக்கேல்ல என்றா வெள்ளைச் சோத்தை அளவாச் சாப்பிடுறதில் பிழையில்ல.

மீன் விஷயத்தில் நாங்க குடுத்து வச்சவங்க. சூடை, கீரி, நெத்தலி, வாவி மீன் எல்லாம் மலிவு, புரதமும் இருக்கு, முள்ளோட சாப்பிடுற சின்ன மீனில் கல்சியமும் இருக்கு. புளி போட்டு ஆணமாக் காய்ச்சுங்க, பொரிக்கிறதைக் கிழமையில் ஒரு நாளுக்கு வைங்க. பால் சுறா பிள்ளை பெத்தவளுக்கு நல்லது என்று தேடித் தேடி வாங்குவாங்க. சுறா மாதிரி மற்ற மீனைத் தின்று வாழுற மீன்களில் பாதரசம் கூடச் சேர்ந்திருக்கும், மீன் பெரிசாகப் பெரிசாக அதுவும் கூடும். பெரிய சுறா, தளபத்து ரெண்டையும் பால் குடுக்கிற காலத்தில் விடுங்க. சின்ன மீனில் கிடைக்காத எதுவும் அதில் இல்ல.

தேங்காய் பற்றிச் சொல்லாம விட ஏலாது. துருவின தேங்காய் 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரி. காலையில் பிட்டுக்குள்ள தேங்காய்ப்பூ, அதுக்குச் சம்பல், அதுக்குப் பால் சொதி. ஒரே வேளையில் மூன்று உருவத்தில் தேங்காய். மூன்றில் ஒன்றை வைங்க. பிட்டும் மீன் ஆணமும், அல்லது இடியப்பமும் பருப்பும் சொதியும். முருங்கை இலைச் சுண்டலுக்குத் தேங்காய்ப்பூ ஒரு மேசைக்கரண்டி காணும். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் எது கிடைச்சாலும் ஒரு நாளைக்கு ஒரு இலைவகை தவறவிட வேணாம்.

எருமைத் தயிர் நம்ம ஊர்ச் சொத்து. கல்சியம், புரதம் எல்லாம் இருக்கு, கொழுப்பும் இருக்கு. ஒரு சின்னக் கோப்பை சாப்பிடுங்க, பாணியும் சீனியும் போடாம. வாழைப்பழம் ஒன்றைப் பிசைஞ்சு போட்டா இனிப்புக்கு அது காணும்.

திரிபோஷா என்ற சத்துமா வேற கதை. பால் குடுக்கிற முதல் ஆறு மாதத்துக்குக் கிளினிக்கில் தாய்க்குத் தாறது. ஒரு நாளைக்கு 50 கிராம், ஏறத்தாழ 200 கலோரி. நாங்க அதைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடிச்சு, சாப்பாட்டுக்கு மேல பலகாரம் மாதிரித் தின்னுறதாலதான் ஏறுது. சாப்பிடுங்க, ஆனா பின்னேரப் பிஸ்கட்டுக்குப் பதிலா. சீனியில்லாமக் கொஞ்சம் வறுத்துக் கஞ்சியாக் காய்ச்சினா வயிறும் நிறையும். உங்க நிறை நல்லாக் கூட என்றா அது உங்களுக்குத் தேவையா என்று மிஸ்ஸிட்டயே கேளுங்க. கிளினிக்கில் தாற இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் மட்டும் யார் சொன்னாலும் நிறுத்த வேணாம்.

ராத்திரி ரெண்டு மணிப் பசி வரும், அது உண்மையான பசி. அதுக்கு முன்கூட்டியே ஏதாவது எடுத்து வைங்க: அவிச்ச முட்டை ஒன்று, அவிச்ச கடலை ஒரு கைப்பிடி, கொய்யாப்பழம். ஆயத்தமா ஒன்றும் இல்லாட்டி கை போறது பிஸ்கட் ரின்னுக்குத்தான்.

விரதமும் நோன்பும்: கந்தசஷ்டிக்கு ஆறு நாள் வெறும் வயிறா இருக்கிறது முதல் ஆறு மாதத்துக்கு வேணாம், முருகன் கோவிக்க மாட்டார். றமழான் நோன்பில் பால் குடுக்கிற தாய்க்கு, தனக்கோ பிள்ளைக்கோ பாதிப்பு என்று பயந்தா மார்க்கத்திலயே சலுகை இருக்கு. நிறை குறையும் என்ற எண்ணத்தில் நோன்பைப் பிடிக்கிறவங்க நோன்பு திறக்கிற நேரத்துப் பலகாரத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்க.

6. நடை

சுகப்பிரசவம் என்றா உடம்பு ஒத்துவந்தவுடன் வீட்டைச் சுற்றி மெதுவா நடக்கத் தொடங்கலாம். சீசர் என்றா ஆறிலிருந்து எட்டுக் கிழமை, கிளினிக்கில் காயத்தைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வேக நடை. அதுவரைக்கும் கிணத்தில் தண்ணி அள்ளுறது, குடம் தூக்குறது, அரிசி மூட்டை நகர்த்துறது எல்லாம் வேற யாரும் செய்யட்டும்.

இலக்கு கிழமைக்கு 150 நிமிஷம். ஐந்து நாள், அரை மணித்தியாலம். பத்துப் பத்து நிமிஷமா மூன்று தடவை நடந்தாலும் அதே கணக்குத்தான். பேசிக்கொண்டு போகலாம், பாட்டுப் பாட மூச்சு வராது என்ற வேகம் சரியான வேகம். டவுனில் இருக்கிறவங்களுக்கு வாவிக்கரையும் காந்திப் பூங்காவும் கல்லடிப் பழைய பாலமும் இருக்கு. கடற்கரைப் பக்கம் இருக்கிறவங்க ஈரமா இறுகின மணலில் நடங்க, புதையுற மணலில் நடந்தா தளர்ந்திருக்கிற மூட்டுக்கு நோவு. காலை ஆறரைக்கு முதல், அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. மாரி தொடங்கினா விறாந்தையில் நடக்கலாம், அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறதும் நடைதான்.

போக முதல் பால் குடுத்துவிட்டுப் போங்க. நெஞ்சு பாரமா இருந்தா நடக்க ஏலாது, பிள்ளையும் அரை மணித்தியாலம் தூங்கும். இறுக்கமான நல்ல உள்சட்டை ஒன்றும், வழுக்காத சப்பாத்து ஒன்றும் வாங்குங்க. இந்த முழு வழிகாட்டியிலும் காசு செலவழிக்கச் சொல்றது இந்த ரெண்டுக்கும்தான். நடந்து வேர்த்தா பால் புளிக்கும் என்று சொன்னா சிரிச்சுவிட்டு விடுங்க. சாதாரண உடற்பயிற்சி பாலின் அளவையோ தரத்தையோ மாத்தாது. உப்பு வேர்வையைக் கழுவிவிட்டுக் குடுத்தாச் சரி.

வேலைக்குத் திரும்புறவங்க ஒன்றைக் கணக்கில் எடுங்க. அரச வேலையில் முழுச் சம்பளத்தோட கிடைக்கிற பிரசவ லீவு 84 வேலை நாள், அதாவது நாலு மாதத்துக்குக் கிட்ட. நடைப் பழக்கத்தை அதுக்குள்ள உறுதியாக்கினாத்தான் நிற்கும். வேலை தொடங்கின முதல் மாதம் புதுசா ஒன்றும் தொடங்க ஏலாது.

7. வயிறு உள்ள போகேல்ல என்றா

மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் கொஞ்சம் உயர்த்துங்க. தொப்புளுக்குக் கொஞ்சம் மேல, நடுவில, விரலைக் குறுக்கா வச்சு அமத்திப் பாருங்க. ரெண்டு பக்கத்துத் தசைக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கும். எட்டுக் கிழமை கழிஞ்சும் ரெண்டு விரலுக்கு மேல இடைவெளி இருந்தா அது தசை விலகினது. எவ்வளவு நிறை குறைச்சாலும் அந்த வயிறு தள்ளிக்கொண்டுதான் நிற்கும். கிளினிக்கில் காட்டி, ஆஸ்பத்திரிப் பிசியோதெரபிப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்க. அதுக்குள்ள யூடியூப் பார்த்து எழும்பி எழும்பி வயித்துப் பயிற்சி செய்தா இடைவெளி கூடலாம்.

வயித்தில் துணி கட்டுறது நாரிக்கு ஒரு ஆறுதல், சீசர் காயத்துக்கும் ஒரு பிடிமானம். கொழுப்பைக் கரைக்காது. சிறுநீரை அடக்குற மாதிரி அடித்தசையைச் சுருக்கி விடுற பயிற்சியைப் பால் குடுக்கும்போதே செய்யலாம். தும்மினா, இருமினா சிறுநீர் கசியுற ஆக்களுக்கு இதுதான் முதல் மருந்து, வெட்கப்பட்டு மறைக்காம மிஸ்ஸிட்ட சொல்லுங்க.

8. விழுந்திராதீங்க

பேஸ்புக்கில் விக்கிற மெலியுற தேயிலை. அதில் பலதில் இருக்கிறது பேதி போக வைக்கிற நிலாவாரை மாதிரி இலைகள். குறையுறது தண்ணி, கொழுப்பு இல்ல. என்ன போட்டிருக்கு என்று பெட்டியில் எழுதாத எதையும் பால் குடுக்கிறவங்க வாயில் வைக்கக் கூடாது.

நிறை குறைக்க என்று தாற ஓர்லிஸ்டாட் குளிசை, செமாகுளூடைட் ஊசி. பால் குடுக்கிற காலத்தில் ரெண்டும் வேணாம். யாரோ வெளிநாட்டில இருந்து அனுப்பினது என்றாலும் வேணாம்.

சோத்தை முழுசா நிறுத்துற கீட்டோ சாப்பாடு. பால் குடுக்கிற தாய்மாருக்கு இதால இரத்தத்தில் அமிலம் ஏறி அவசர சிகிச்சைக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கு. சாதாரண ஆளுக்கு ஒத்துவாறது உங்களுக்கு ஒத்துவராது.

ஜிம்முக்குப் போறது நல்லம்தான், பெண்களுக்கென்று நேரம் ஒதுக்குற இடங்கள் இருக்கு. சேரும்போதே பால் குடுக்கிறேன், எத்தனை மாதம், சீசரா என்று சொல்லுங்க. என்னிட்ட ஒரு இடத்தில் அதை ஒன்றுமே கேட்காம முதல் நாளே ஒரு பவுடர் டின்னை நீட்டினாங்க. டின் விலை மாதக் காசை விடக் கூட.

9. எப்ப நிறுத்த வேணும்

பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறைய மூத்திரம் போனா, அல்லது கிளினிக் கொப்பியில் வளர்ச்சிக் கோடு மேல போகாம படுத்தா அல்லது கீழ சரிஞ்சா, நிறை குறைக்கிறதை நிறுத்திவிட்டு அன்றைக்கே மிஸ்ஸைப் பாருங்க. ரெண்டு, நாலு, ஆறு மாத ஊசிக்குப் போற நாட்களில் இதைக் குறிப்பாக் கேளுங்க: "மிஸ், கோடு சரியாப் போகுதா?" பிள்ளை அடிக்கடி அழுகுது, அடிக்கடி பால் கேட்குது என்றதை மட்டும் வச்சுப் பால் காணாது என்று முடிவெடுத்து மாப்பாலுக்குப் போயிராதீங்க.

உங்களுக்குத் தலைசுத்து, கிழமைக்கு ஒரு கிலோவுக்கு மேல குறையுது என்றா சாப்பாட்டைக் கூட்டுங்க. ஒரு கால் மட்டும் வீங்கி நோகுது, மூச்சு வாங்குது, நெஞ்சு நோகுது என்றா அது நிறை விஷயம் இல்ல, 1990 க்கு அடிச்சு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.

மனசும் இதில் சேரும். எந்நேரமும் அழுகை, பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கேல்ல, பசியே இல்ல என்று ரெண்டு கிழமைக்கு மேல நீடிச்சா நிறை தானாக் குறையும். அதைப் பார்த்து "மெலிஞ்சிட்டா, நல்லம்" என்று வீட்டில் சந்தோஷப்படுவாங்க. மிஸ்ஸிட்ட சொல்லுங்க, அல்லது 1926 மனநல இலக்கத்துக்கு எடுங்க. தூக்கம் குறைஞ்சாப் பசி கூடும் என்றதையும் வீட்டு ஆம்பிளைக்குச் சொல்லி, பின்னேரம் ஒரு மணித்தியாலம் பிள்ளையை அவர்ட கையில் குடுத்துவிட்டுத் தூங்குங்க. நடையை விட அது முக்கியமான நாட்களும் வரும்.

10. ஆறு மாதத்துக்குப் பிறகு

பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தொடங்கினா ரெண்டு விஷயம் மாறும். பால் குடிக்கிறது கொஞ்சம் கொஞ்சமாக் குறைய, உங்க உடம்பு செலவழிக்கிற அந்த 500 கலோரியும் குறையும். பசி மட்டும் பழையபடியே இருக்கும். பால் ரெண்டு வயசு வரைக்கும் குடுங்க, ஆனா ஆறாம் மாதத்தில் இருந்து உங்க பீங்கானையும் திரும்ப ஒருக்கா அளந்து பாருங்க. ராத்திரிச் சிற்றுண்டியைத்தான் முதலில் குறைக்கலாம்.

மற்றது, பிள்ளை விட்ட மிச்சம். நெய் போட்டுப் பிசைஞ்ச சோறும் பருப்பும், அரை முட்டை மஞ்சள்கரு, பால் பிட்டு. வீசப் பாவம் என்று அம்மாட வாய்க்குத்தான் போகும், ஒரு நாளைக்கு மூன்று தடவை. பிள்ளைக்குக் கொஞ்சமாப் போட்டு, கேட்டாத் திரும்பப் போடுங்க. மிச்சம் வந்தா கோழிக்குப் போடுங்க.